பாகீரதி மாமியின் தொலைபேசி எண்

பாகீரதி மாமி சுற்றும் கைமுறுக்கை நீங்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், சார். எனக்கு மலையாளம் பேச வருமே தவிர எழுத வராது. அதனால் தமிழில் எழுதித் தருகிறேன், போலீஸ் ஸ்டேஷனில் யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில்தான் என் ஆபீஸ். சின்ன வியாபாரிகளை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவது என் தொழில். யாராவது கம்ப்யூட்டரில் ‘கரமனை, பட்சணம்’ என்று தேடினால், என் வெப்சைட்டில் இருப்பவர் பெயர் முதலில் வந்து நிற்கும். இதைப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். கரமனை அக்ரஹாரத்தில் நாலு வீட்டுக்கு மட்டும் தெரிந்திருந்த மாமியைப் பணக்காரர்கள் வசிக்கும் கவடியார் வரைக்கும் தெரியவைத்தவன் நான். மகள் பத்மப்ரியா முறுக்குத் தட்டோடு சிரிக்கிற போட்டோவை எடுத்துப் போட்டதும் நான்தான். வெறும் முறுக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் மாமி வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

“தப்பா நினைச்சுக்கப்படாது தம்பி. எங்க பேரை அதுலேர்ந்து எடுத்துடுங்கோ. ஆர்டர் நிறைய வரது, நேக்குக் கை ரெண்டுதானே. பத்மாவுக்கு ஒரு வரன் வேற வந்திருக்கு. பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையாக்கும். கொழந்தை போட்டோ ஊரெல்லாம் பாக்கற இடத்துல கிடக்க வேண்டாம், கேட்டேளா.”

சரி மாமி என்றேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏறிய ஏணியை இப்படி எட்டி உதைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். ஒருவர் விலகினால் அடுத்த கடைக்காரரும் விலகுவார். தொழிலில் கொஞ்சம் பயமும் இருக்க வேண்டும்.

நான் எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். ‘மசாஜ், லேடீஸ் கம்பெனி’ என்று என் வெப்சைட்டில் ஒரு பிரிவு உண்டு. ஆட்கள் அதிகம் வருவது அதற்குத்தான். மாமியின் பெயர் இருந்த இடத்தில் பத்மப்ரியா என்று போட்டேன். போட்டோவில் முறுக்குத் தட்டை மட்டும் வெட்டிவிட்டேன். தொலைபேசி எண்ணைத் தொடவில்லை.

மாமியின் கையில் எப்போதும் மாவு இருக்கும். போனை எடுப்பது அந்தப் பெண்தான். பட்சணப் பொட்டலங்களில் எல்லாம் அச்சடித்திருந்த எண் என்பதால் அதை மாற்றவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் மாமி என்னிடமே வந்தார்.

“கண்டவனும் கூப்பிட்டு கொழந்தைகிட்ட என்னென்னமோ பேசறான். உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும், யார் பண்றான்னு பாத்துச் சொல்லுங்கோ.”

பார்க்கிறேன் மாமி என்றேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் குலம், கோத்திரம், ஜாதகம் எல்லாம் பெரியவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். பையன் தன் பங்குக்குப் பெண் வீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்திருக்கிறான். இப்போதைய பையன்கள் இப்படித்தான் விசாரிக்கிறார்கள். அதில் வந்த என் வெப்சைட் பக்கத்தை அச்செடுத்து அவன் அப்பா மாமி வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். தெரு முழுக்கத் தெரிந்துபோனது. அதே வாரம் பத்மப்ரியாவைக் கரமனை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுத்தான் நான் துக்கம் கேட்கப் போனேன்.

கூப்பிட்ட ஆண்களை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது, சார். பேரன் பேத்தி எடுத்தவர்கள், நெற்றியில் சந்தனத்தோடு கடையில் உட்காருகிறவர்கள். வாயைத் திறந்தால் சாக்கடை. இது பட்சணம் செய்கிற வீடு என்று அவள் கெஞ்சிய பிறகும் விடவில்லையாம். மனிதர்களா இவர்கள்? அவர்களைப் பிடித்து விசாரியுங்கள்.

டெலிபோன் ஆபீஸில் கேட்டால், முதலில் கூப்பிட்டது என் எண் என்று சொல்வார்கள். அது உண்மைதான். இடம் மாற்றினால் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? குரலை மாற்றிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு என்ன ரேட் என்று கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன். அழுதாள். அவளாக வைக்கும் வரை நான் போனை வைக்கவில்லை. மற்றவர்களைப் போல அசிங்கமாக ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை, சார்.