உப்பளத்துக்கு எதிரே விஞ்ஞான பாடம்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு ஆசிரியைகள். இளையவர் மூத்தவரை அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, சத்தமாகவே சொன்னார்.

“ராத்தா, விஞ்ஞானம் படிப்பிக்கிறதுல முதுமாணிப் பட்டம் முடிச்ச எனக்குத் தையல் பாடம் தந்தீக்கிறாங்க.”

“என்ன கதை இது? யாரு தந்த?”

“எங்கட பள்ளிக்கூட அதிபர்தான். மனையியல் டீச்சர் மாறிப் போய்ட்டா. நீங்க பொம்புளதானே, பாத்துக்கோங்க எண்டுட்டார். ரெண்டு வருஷம் சனி ஞாயிறு, விடியச் சுபஹுத் தொழுத கையோட கொழும்பு பஸ் ஏறினது இதுக்கா?”

“அப்ப விஞ்ஞானத்த யாரு எடுக்கிற?”

“விளையாட்டு படிப்பிக்கிற சேர். நேத்து ஏழாம் ஆண்டுக்கு, கடல் தண்ணிய அடுப்புல காய்ச்சித்தான் உப்பு எடுக்கிற எண்டு செல்லிக் குடுத்தீக்கிறார்.”

மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “உப்பளத்துக்கு முன்னுக்கு ஈக்கிற பள்ளிக்கூடத்திலயா?”

“ஓம். உப்பளத்துல வேலை செய்றவர்ட மகள் ஒருத்தி எழும்பி, ‘இல்ல சேர், எங்கட வாப்பா பாத்தி கட்டி வெயில்லதான் காயவிடுற’ எண்டு செல்லீக்கிறா. வாய் காட்டினாளாம். பாடம் முடியிற வரைக்கும் வெராந்தாவுல நிக்க வெச்சிட்டார்.”

“பாவம் புள்ள.”

“அந்த வெராந்தாவுல நிண்டா எதிர்ல என்ன தெரியும் ராத்தா? உப்பளந்தான்.”