ஐம்பத்தெட்டாவது சீன்

அக்கா: வாயை இன்னும் பெருசா திற. டிவி பேட்டியில திறந்தியே, அந்த அளவுக்கு.

தங்கை: அது எப்பவோ...

அக்கா: பேசாத. கண்ணாடி உள்ள இருக்கு. எந்தப் பல்லு?

தங்கை: இ... து.

அக்கா: இதுவா? தட்டிப் பார்க்குறேன்.

தங்கை: ஆ! அம்மா!

அக்கா: நான் இன்னும் தட்டவே இல்ல.

தங்கை: ...தட்டுவேன்னு நினைச்சு கத்திட்டேன்க்கா.

அக்கா: ஊர்ல இருக்குற நடிகர்களையெல்லாம் வேலை வாங்குறவ நீயே இவ்ளோ மோசமா நடிக்கிற. துப்பு. அந்தக் கிண்ணத்துல... என் கோட்டு மேல இல்ல.

நர்ஸ்: டாக்டர், பன்னிரண்டரை பேஷன்ட் வந்துட்டாங்க.

அக்கா: பத்து நிமிஷம் உட்காரச் சொல்லும்மா. இங்க என் தங்கச்சி, பெரிய டைரக்டர், வாயைத் திறந்துட்டு படுத்திருக்காங்க.

நர்ஸ்: ஐயோ, மேடமா! உங்க படத்தை நான் ரெண்டு தடவை பார்த்தேன் மேடம். அடுத்த படம் எப்ப?

அக்கா: கேட்டுட்டியா? இனிமே நிஜமாவே வலிக்கும்.

தங்கை: சீக்கிரம் வரும்மா... சீக்கிரம்.

அக்கா: ஆறு வருஷமா சீக்கிரம்தான். நீ போம்மா.

தங்கை: ஏன்க்கா, அந்தப் பொண்ணு முன்னாடியுமா?

அக்கா: நான் என்ன பொய்யா சொன்னேன்? சரி, மலை மேல ரூம் போட்டு இருபது நாள் எழுதப் போனியே. என்ன வந்துச்சு?

தங்கை: சளி.

அக்கா: அதுக்கு முன்னாடி, நடந்தா யோசனை வரும்னு தினம் அஞ்சு கிலோமீட்டர் நடந்தியே?

தங்கை: கால் ஆணி வந்துச்சு.

அக்கா: தோல் அட்டை போட்டு ஒரு நோட்டு வாங்கினியே, என் பசங்க தொட்டதுக்குக்கூட அப்படி கத்தினியே... அதுல என்ன எழுதின?

தங்கை: என் பேரு.

அக்கா: முழுப் பேரா, இல்ல அதுவும் பாதியிலயே நிக்குதா?

தங்கை: சிரிச்சுக்கோ. சுவர் பூரா சீன் சீனா எழுதி மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தேன். போன வாரம் எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டேன்.

அக்கா: அடிப்பாவி, ஏன்?

தங்கை: பச்சை சீட்டா மாத்தி ஒட்டினேன். மஞ்சள் கண்ணை உறுத்துதுன்னு.

அக்கா: பச்சையில கதை வந்துச்சா?

தங்கை: சுவத்துலேருந்து பெயின்ட்டு உரிஞ்சு வந்துடுச்சு. உனக்கென்னக்கா தெரியும்? பல்லைப் பிடுங்க மனசு வரலைன்னு நீ என்னைக்காவது உட்கார்ந்திருக்கியா?

அக்கா: தினம் காலையில மனசு வராது. மனசு வரலைன்னு சொன்னா, வீங்கின கன்னத்தோட அவன் அடுத்த தெரு டாக்டர்கிட்ட போயிடுவான். உன்கிட்டேருந்து அப்படி யாரும் போறதில்ல, அதான் உனக்குக் கொழுப்பு.

தங்கை: போறாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு.

அக்கா: யாரு?

தங்கை: புரொட்யூசர். ஐம்பத்தெட்டாவது சீன் பத்து மணிக்குள்ள அவர் கைக்குப் போகணும். இல்லைன்னா வேற டைரக்டர். கதையை எழுதி, உரிமையையும் அவர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு, அந்த ஒரு சீனைத் தவிர. அது போகலைன்னா வேற யாரோ வந்து எடுப்பாங்க. அந்தச் சீனையும் அவங்களே எழுதிக்குவாங்க.

அக்கா: ...நாளைக்கா?

தங்கை: நாளைக்கு.

அக்கா: படம் கையை விட்டுப் போகுது, நீ இங்க வந்து எனக்குச் சொத்தைப் பல்லு காட்டிட்டிருக்க. அதுவும் சொத்தையே இல்லாத பல்லு.

தங்கை: இல்லையா?

அக்கா: எக்ஸ்ரேயை நீயே பாரு. ஒரு புள்ளி இருக்கா? உள்ள வரும்போது வலது கன்னத்தைப் பிடிச்சுட்டு வந்த. நாற்காலியில சாஞ்சதும் இடது பக்கத்தைக் காட்டுற. எதுக்குடி வந்த?

தங்கை: சும்மா... பார்த்துட்டுப் போகலாம்னு.

அக்கா: சும்மா பார்க்க வர்றவ வீட்டுக்கு வருவா.

தங்கை: வீட்டுல அத்தான் இருப்பார். பசங்க இருப்பாங்க. நீ அடுப்படிக்கும் ஹாலுக்கும் ஓடிட்டே பேசுவ. இங்கன்னா ஒரு இடத்துல நிப்ப. கையில கருவி இருக்கும், அடிக்கவும் மாட்ட.

அக்கா: கருவி இருந்தா அடிக்க மாட்டேன்னு உனக்கு யாரு சொன்னா? சொல்லு. என்ன சீன் அது?

தங்கை: ஒரு ரூம். படுக்கையில அப்பா. பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. மூத்த பொண்ணு சாப்பாடு ஊட்டுறா. அவர் வாயைத் திறக்க மாட்டேங்குறார். அப்ப அவ ஒண்ணு சொல்றா.

அக்கா: மூத்த பொண்ணா?

தங்கை: கதைதான்க்கா. அந்த மூத்த பொண்ணு ஒரு டீச்சர்.

அக்கா: ஓ. டீச்சர்.

தங்கை: கணக்கு டீச்சர்.

அக்கா: போதும் போதும், இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்ன சொல்றாங்க கணக்கு டீச்சர்?

தங்கை: அதுதான்க்கா வரமாட்டேங்குது. பதினோரு மாசமா.

அக்கா: எழுதிப் பார்த்திருப்பியே.

தங்கை: பதினேழு தடவை.

அக்கா: ஒண்ணு சொல்லு.

தங்கை: "அப்பா... நான் உங்களை மன்னிச்சுட்டேன்ப்பா."

அக்கா: தூ!

தங்கை: அக்கா!

அக்கா: மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவ பேசுற பேச்சாடி இது? அவளுக்கு முதுகு வலி இருக்காதா? இன்னொண்ணு சொல்லு.

தங்கை: "உங்க விரலைப் பிடிச்சுத்தான் நடக்கக் கத்துக்கிட்டேன், இன்னைக்கு உங்களுக்கு..."

அக்கா: நிறுத்து. எனக்கே பல்லு கூசுது.

தங்கை: ஒரு தடவை பேச்சே வேணாம்னு விட்டுட்டேன். வெளியில மழை. ஜன்னல்ல தண்ணி வழிஞ்சுட்டே இருக்கும்...

அக்கா: வசனம் வரலைன்னா மழை வந்துடும் உங்களுக்கு. எங்களுக்கு அப்படி எந்த வசதியும் இல்ல.

நர்ஸ்: டாக்டர், அவங்க நேரமாச்சுன்னு கிளம்புறாங்க...

அக்கா: கிளம்பட்டும். நாளைக்கு வரச் சொல்லு. அந்தக் கதவைச் சாத்திட்டுப் போம்மா.

தங்கை: பேஷன்ட்டை அனுப்பிட்டியா? நீயா?

அக்கா: வாயை மூடு. வரல வரலைங்குற. எனக்கு என்னமோ அது வந்து உன் முன்னாடி நிக்குற மாதிரிதான் இருக்கு. வந்ததை எழுத உனக்குக் கை வரல.

தங்கை: ...எழுதினா நீ பார்ப்பியே.

அக்கா: டீச்சர் கதையை நான் எதுக்குப் பார்க்கணும்?

தங்கை: விளையாடாதக்கா. அந்தச் சனிக்கிழமை... ஷூட்டிங்குக்கு ஒரு நாள் லீவு விட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்கு வந்தேன். அப்பா ரூம் கதவு பாதி சாத்தியிருந்துச்சு. நான் வெளியிலயே நின்னுட்டேன்.

அக்கா: தெரியும்.

தங்கை: ...தெரியுமா?

அக்கா: எதிர்ல அலமாரிக் கண்ணாடி இருந்துச்சுல்ல. அதுல உன் தோள்பை தெரிஞ்சுது. நான் எழுந்து வர்றதுக்குள்ள போயிட்ட. நீ நின்னது தெரியும். எதைக் கேட்ட, எவ்ளோ கேட்டன்னு தெரியாது.

தங்கை: ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையேக்கா!

அக்கா: நீ சொன்னியா? அடுத்து வந்தப்ப, அந்தச் சனிக்கிழமை வீட்டுப் பக்கமே வராத மாதிரி முகத்தை வச்சுக்கிட்ட. அன்னைக்கு மட்டும் நல்லா நடிச்ச.

தங்கை: முதல்ல கோபமா இருந்துச்சு. உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கல. அப்புறம் யோசிச்சேன்... அவர் பக்கத்துல இருந்தது நீ. கேமராவைத் தூக்கிட்டு ஊர் ஊரா ஓடினது நான். கோபப்பட எனக்கு என்ன இருக்குன்னு வெட்கமாயிடுச்சு. அந்த வெட்கத்துலதான் இந்தக் கதையே எழுத உட்கார்ந்தேன். அந்தச் சீன் வரைக்கும் கை தானா ஓடும்க்கா. அங்க போனதும் எழுந்து பாத்திரம் கழுவப் போயிடுவேன்.

அக்கா: நீ? பாத்திரம்? அப்ப நிலைமை மோசம்தான்.

தங்கை: சிரிக்காத.

அக்கா: சரி, சிரிக்கல. நீ கேட்டதைச் சொல்லு. அப்படியே சொல்லணும். மழையெல்லாம் வேணாம்.

தங்கை: வேணாம்க்கா.

அக்கா: யாரோ முன்னப்பின்ன தெரியாதவன் நாளைக்கு என்னை எழுதுறதுக்குப் பதிலா நீயே எழுதித் தொலை. சொல்லு.

தங்கை: "போறதா இருந்தா..."

அக்கா: ம்.

தங்கை: "போறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிடுங்கப்பா. திங்கக்கிழமை எனக்கு ரெண்டு ரூட் கெனால் இருக்கு."

அக்கா: மூணு.

தங்கை: என்ன?

அக்கா: மூணு ரூட் கெனால். ரெண்டுன்னா நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

தங்கை: அக்கா... வசனம் வரலைன்னு நான் சொன்னது பொய். அது ஆறு வருஷமா காதுல இருக்கு. அதைக் கேட்டதும் அவர் முகத்தைக் காட்டணும்ல? அவர் முகம் எனக்குத் தெரியல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டு ஓடிட்டேன். அழுதாரா, உன்னை முறைச்சாரா, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரா... கேமராவை எங்க வைக்கிறதுன்னே தெரியல. அதைத்தான் கேக்க வந்தேன். அவர் என்னக்கா பண்ணினார்?

அக்கா: சிரிச்சார்டி. அசையுற அந்தப் பாதி வாயால... ஒரு தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரிச்சார். பேச்சு போன நாள்லேருந்து அதுதான் முதல் தடவை. சிரிச்சுட்டு வாயைத் திறந்தார், கிண்ணத்துல இருந்தது பூராவும் சாப்பிட்டார். சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கிளம்பியும் போயிட்டார்... வாழ்க்கையில என் பேச்சை அவர் கேட்டது அது ஒண்ணுதான். எத்தனை பேர் வந்தாங்க, கடைசியா அவர் எப்படி இருந்தார்னு எத்தனை பேர் கேட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. அவர் சிரிச்சதைச் சொல்லணும்னா, நான் சொன்னதையும் சொல்லியாகணும்ல.