முன்னால் போன மானுக்குக் கொம்பு

பெயர் அர்மான் திபோடோ. வயது அறுபத்து மூன்று. தந்தை பெயர் ஒனேசிம். தொழில் உருளைக்கிழங்கு விவசாயம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடகோடியில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் குடியிருந்து வருகிறேன். பள்ளிப் படிப்பு ஆறாவது வரை. மான் தடத்தில் அதற்கு மேலும் படித்திருக்கிறேன். வனக்காவல் அதிகாரி முன்பு, யாரும் வற்புறுத்தாமல் சொல்வதாவது:

என் மனைவியின் தம்பி லூசியன், ஆண் மானுக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு பெண் மானைச் சுட்டதாகப் பிடிபட்டிருக்கிறார். உரிமம் போனால் அவர் வீட்டில் இந்தக் குளிர்காலத்துக்கு இறைச்சி இல்லை.

சென்ற சனிக்கிழமை காலை, வேட்டைக் குடிலில் மேப்பிள் பாகு ஊற்றிய அடையைத் தின்றுவிட்டு இருவரும் புறப்பட்டோம். அதன் பின் புதுப் பனியில் ஒரு தடம் கண்டோம். பசுவின் குளம்பளவு இருந்தது. (அதிகாரி அளவு கேட்டபின்: என் உள்ளங்கையளவு.) கால்கள் அகன்று, குளம்பு வெளிப்பக்கம் திரும்பி, நுனி இழுபட்ட கோடு அடிக்கு அடி கிடந்தது. நெருங்கி நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவே நுழையாமல், கொம்புக்கு இடம் போதாமல் சுற்றிப் போயிருந்தது. ஆண் என்று சொன்னேன். மரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தடம் நேராகப் போயிருந்தது. அதைப் பழையது என்று தள்ளிவிட்டேன்.

"போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க அத்தான், கடைசியில முயலு" என்றார் லூசியன்.

"வாய மூடிட்டு வாடா. குடில் சுவத்துல என் சட்ட வால் ஒண்ணாவது தொங்குதா?" என்றேன்.

குறி தவறியவனின் சட்டை வாலை, அதாவது பின்னால் தொங்கும் கீழ்நுனியை, வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது எங்கள் வழக்கம். அங்கே இருபத்திரண்டு வால்கள் உண்டு. என்னுடையது இல்லை.

அதன் பின் பன்னிரண்டு மைல் நடந்தோம். (வரைபடம் காட்டப்பட்டபின்: இரண்டு மைல்.) பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. நாங்கள் நிற்க, மரங்கள்தான் எங்களைக் கடந்து போவதாகத் தோன்றியது. ஆறு எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோயிற்று. அதன் பின் வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மான் உருவானது. லூசியனின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"அத்தான், கொம்பு இருக்கா?"

"எட்டுக் கிளை. சுடு."

ஒரே குண்டு. மான் உட்காருவதுபோல விழுந்தது. அருகில் போனபோது அதன் தலை கொம்பில்லாமல் மொட்டையாக இருந்தது. அதன் பின் பக்கத்துப் புதரிலிருந்து பெரிய குளம்புக்காரன் வெளியே வந்தான். காலையிலிருந்து அந்தப் பெண்ணின் பின்னாலேயே, அவள் தடத்தின்மேல் மிதித்து வந்தவன். அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பனிக்குள் போய்விட்டான். கொம்பு எத்தனை கிளை என்று அதிகாரி கேட்கிறார். நான் எண்ணவில்லை.

லூசியன் தாமே பார்க்காமல் சுட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பெயரை அதில் சொல்லவில்லை. எனவே மேலே எட்டுக் கிளை என்றதைத் திருத்திக்கொள்கிறேன். கொம்பு ஒன்றும் நான் பார்க்கவில்லை. தடத்தைப் பார்த்தேன், தலையைப் பார்த்ததாகச் சொன்னேன். குற்றத்தை என் பேரில் எழுதிக்கொள்ளவும், என் உரிமத்தை எடுத்துக்கொள்ளவும்.

திருத்தங்களோடு சேர்த்து வாசித்துக் காட்டக் கேட்டேன். இப்போது எல்லாம் உண்மை. கையெழுத்துப் போடும் இந்த நேரம் நான் அணிந்திருக்கும் சட்டைக்கு வால் இல்லை. அது இருபத்து மூன்றாவதாகச் சுவரில் இருக்கிறது, அதிகாரி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

(ஒப்பம்) அர்மான் திபோடோ