அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

பழைய புத்தகத்திலிருந்து ஒரு தாளை அடியோடு வெட்டக் கூடாது, ஐயா. விரற்கடை அளவு ஓரம் விட்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதே தையலில் இருக்கும் எதிர்த்தாளும் தளர்ந்து கையோடு வந்துவிடும். பத்தொன்பது வருடம் பள்ளி நூலகத்தில் இருந்தவள் நான், இதெல்லாம் கைப்பழக்கம்.

பெற்றோர் குழு ஒரு பட்டியல் கொடுத்தது. பிள்ளைகள் மனசைக் கெடுக்கும் புத்தகங்களாம். முழுப் புத்தகத்தையும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகாத பக்கங்களை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். குழுத் தலைவருக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கூடத்தில் பெரிய டிவி வாங்கி மாட்டியதும் அவர்தான். மாலையில் அதில் தொடர் ஓடும். ஒரு மருமகள் மாமனாரின் பாலில் எதையோ கலப்பாள், அவர் சாய்வார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டே பார்ப்பார்கள். அது பட்டியலில் இல்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் விசாரிக்கும் அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. வயதுக்கு மீறிய உயரம். ‘ஒட்டடைக்குச்சி’ என்று கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். அவள் எடுத்துப் போனது ஒரு குடும்பக் கதை. அப்பா அம்மாவை அடிப்பார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அறுபத்திரண்டாம் பக்கம் வரை அவ்வளவுதான். கடைசி எட்டுத் தாளில் அந்த மகள் தன் டீச்சரிடம் போய்ச் சொல்கிறாள். டீச்சர் நம்புகிறார். உதவிக்கு ஆட்கள் வருகிறார்கள். அம்மாவும் மகளும் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்று குழு குறித்திருந்தது. அந்த எட்டுத் தாளையும் எடுத்தேன். சுத்தமாகத்தான் எடுத்தேன்.

அவள் அந்தப் புத்தகத்தை மூன்று முறை எடுத்தாள். மூன்றாவது முறை திருப்பித் தர வந்தவள், மற்றவர்கள் போகும்வரை என் மேசையருகே நின்றாள்.

“டீச்சர், இதுல கடைசியில காணோம். அந்தப் பொண்ணு யார்கிட்டயாவது சொன்னாளா?”

“எதுக்கும்மா கேக்குற?”

“சும்மாதான். சொன்னா என்ன ஆகும்னு தெரியணும்.”

நல்ல வெயில் காலம். சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டிருந்தாள். அதற்கு முந்தின மாதம் பள்ளிக்கு வந்திருந்த அவள் அம்மாவின் உதட்டில் தையல் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவள் கேட்டது கதையைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும், ஐயா. அந்த நிமிஷமே தெரியும். குழுவிடம் காட்டுவதற்காகக் கட்டி வைத்த தாள்கள் மேசை இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

“யார்கிட்டயும் சொல்லலம்மா. பொறுத்துக்கிட்டா. அப்புறம் எல்லாம் தானா சரியாயிடுச்சு,” என்றேன்.

“தானா எப்படி டீச்சர் சரியாகும்?”

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் நூலகப் பக்கமே வரவில்லை. மாலையில் கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே, சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். அன்று காலையில் எதையோ கலந்த பாலை அப்பாவுக்குத்தான் வைத்தாள். அவர் ஏதோ கோபத்தில் தொடாமலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அம்மா எடுத்துக் குடித்திருக்கிறாள், பிழைக்கவில்லை. இவள் அடுத்த அறையில் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லோரும் டிவியைத்தான் திட்டுகிறார்கள். குழுவே ஆள் வைத்து அதைக் கழற்றிவிட்டது. அவள் என்னென்ன படித்தாள் என்று உங்கள் ஆட்கள் கேட்டு வந்தபோது, அந்தப் புத்தகத்தைக் கொடுத்து, தாள்களைப் பிளேடால் வெட்டியது அவள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘நாசம் செய்யும் சுபாவம்’ என்றும் ஒரு வரி சேர்த்தேன். விசாரணையில் அந்த வரியை அவளுக்கு எதிராக வாசித்தார்களாம். அது பொய். வெட்டியது நான். அவள் வந்து கேட்டபோது மறைத்ததும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. போன வாரம்கூட அவளை வைத்திருக்கும் இல்லத்துக்குப் போனேன். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டாள். கொடுத்ததைச் சாப்பிடுகிறாளாம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை என்றார் காப்பாளர். கேட்டபோது எனக்கு மனசு லேசானது. பிள்ளை எப்படியோ தேறிவிட்டாள்.