அக்காவின் ஃபைல்கள்

அக்கா: …அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. எது நல்லதோ அதைப் போடு. பாப்பா ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள முடியணும்.

தம்பி: கடையில தலைக்கு மேல வேலை கிடக்கு, பூட்டிட்டு வந்திருக்கேன். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி…

அக்கா: இந்தா தண்ணி. குடிச்சிக்கிட்டே கேளு. நான் வாசிச்சுப் பதிவு பண்ணின கதைப் புத்தகம் எல்லாம் இந்த லேப்டாப்லதான் இருக்கு. இது செத்தா நானும்… சரி விடு. எங்கயாவது பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்.

தம்பி: கூடப்பிறந்தவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான். ‘பேக்கப் எடுக்கா, பேக்கப் எடுக்கா’ன்னு தொண்டை கிழியக் கத்தினான். அப்ப காதுல வாங்கினியா?

அக்கா: இப்ப வாங்கறேன். சொல்லு.

தம்பி: முதல்ல உக்காரு. ஏன் குறுக்கயும் நெடுக்கயும் நடக்கற? எனக்குத் தலை சுத்துது.

அக்கா: உக்காந்தா முதுகு வலிக்குது. நீ சொல்லு.

தம்பி: ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, இங்க என்ன இருக்கோ அதையே அச்சு அசலா இன்டர்நெட்ல, கிளவுட்லயும் வச்சிக்கும். இங்க ஒரு ஃபைலை அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும்.

அக்கா: அய்யய்யோ… அப்ப அது எதுக்கு?

தம்பி: ரெண்டு மூணு கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவங்களுக்குச் சௌகரியம். உனக்கு வேண்டாம். இன்னொண்ணு நிஜமான பேக்கப். நீ தெரியாம அழிச்சாலும், லேப்டாப்பே உடைஞ்சாலும் பழசு அங்க இருக்கும்.

அக்கா: எவ்வளவு நாள்?

தம்பி: கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அழிச்சதை ஒரு மாசம் வச்சிருந்துட்டுத் தூக்கிப் போடறவன் இருக்கான். நீ நிறுத்தச் சொல்ற வரைக்கும் வச்சிருக்கறவனும் இருக்கான்.

அக்கா: அவன்தான் வேணும். ரொம்ப வருஷம் இருக்குமா? பாப்பா பெரியவளாகி…

தம்பி: பெரியவளாகி?

அக்கா: ஒண்ணும் இல்ல… பக்கத்து வீட்டுல என்னடா, காலையில இருந்து சுவத்தைத் துளைக்கறான்! இப்படித் துளைச்சா நான் எப்படி ரெக்கார்ட் பண்றது?

தம்பி: இன்னும் பண்ணணுமா? புத்தகம் முடிஞ்சிடுச்சுன்னியே போன்ல.

அக்கா: புத்தகம் முடிஞ்சிடுச்சு. சின்னச் சின்னதா… கொஞ்சம் பாக்கி.

தம்பி: வெளிச்சத்தம் பதிவாகக் கூடாதுன்னு துணி அலமாரிக்குள்ள போர்வைக்கு நடுவுல உக்காந்து ராஜா, ராணி, திருடன்னு எல்லாரும் நீ ஒருத்தியே… மாமா பாவம்க்கா. சட்டை எடுக்கணும்னாக்கூட ராஜா செத்து முடியற வரைக்கும் வெளியில நிக்கணும்.

அக்கா: அந்த மனுஷன் உன்கிட்ட ஏதாவது பேசினாரா?

தம்பி: யாரு… மாமாவா? இல்லியே. ஏன்?

அக்கா: சும்மா கேட்டேன். வேலையைப் பாரு.

தம்பி: அடுத்தது பூட்டு. உன்கிட்ட மட்டும் சாவி இருக்கற மாதிரி பூட்டலாம். கம்பெனிக்காரனாலயே திறக்க முடியாது. ஆனா சாவியை மறந்தேன்னு வை, தலைகீழா நின்னாலும் திரும்பி வராது.

அக்கா: வேண்டாம், வேண்டாம். வேற யாராவது திறக்கற மாதிரி இருக்கணும்.

தம்பி: ஏன், நீ எங்க போற?

அக்கா: எங்கயும் போகல! வக்கீலாட்டம் ஏன்டா கேள்வி கேக்கற?

தம்பி: நான் கேக்கல, இது கேக்குது. உங்களுக்குப் பதிலா யார் திறக்கலாம்னு. மாமா பேரு போடவா?

அக்கா: அவருக்கு அவரு போன் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது. உன் பேரைப் போடு.

தம்பி: …சரி.

அக்கா: என்னடா, குரல் ஒரு மாதிரி ஆகுது?

தம்பி: தண்ணி புரை ஏறிடுச்சு. உன் குரல்தான் கம்மிப் போய்க் கிடக்கு.

அக்கா: மழையில நனைஞ்சேன். தொண்டை கட்டிக்கிச்சு. ஏறிடுச்சா எல்லாம்?

தம்பி: நெட் நொண்டி அடிக்குது. பொறு. இதோட நிக்காம ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி போட்டு என் வீட்டு பீரோல வைக்கறேன். ஒரே இடத்தை நம்பக் கூடாது.

அக்கா: பரவால்லயே, உனக்கும் மூளை இருக்கு.

தம்பி: எல்லாரும் அப்பப்ப சொல்லுவாங்க… ஆ, ஏறிடுச்சு. இப்ப ஒரு ஃபைலை இறக்கித் திறந்து பாக்கணும்.

அக்கா: எதுக்கு? அதான் ஏறிடுச்சுல்ல?

தம்பி: ஏறினா போதாதுக்கா. திரும்பி வருதான்னு பாத்தாத்தான் அது பேக்கப். கடைக்கு வந்து அழறவங்கள்ல பாதிப் பேரு திறந்து பாக்காதவங்கதான்.

அக்கா: அப்ப அந்த ராஜா கதையை இறக்கு.

தம்பி: அது பெரிசு, நேரமாகும். இதோ ‘வீடு’ன்னு ஒரு ஃபோல்டர்… எல்லாம் குட்டிக் குட்டி ஃபைல்.

அக்கா: அது வேண்டாம். டேய், அதைத் தொடாதே. டேய்…!

ஃபைல்: பாப்பா, எழுந்திரு. மணியாச்சு பாரு. எழுந்திருடி என் தங்கம்.

அக்கா: நிறுத்துடா.

தம்பி: நிறுத்திட்டேன். என்னக்கா இது?

அக்கா: அது… ஒரு கதைக்கு. அதுல ஒரு அம்மா வர்றா. அவ பேசறது.

தம்பி: மத்த ஃபைல் பேரெல்லாம் பாரு… ‘கதவைச் சாத்துங்க, கொசு வருது.’ ‘எனக்கு டீ வேண்டாம்.’ ‘அப்பா வரட்டும், சொல்றேன்.’ ‘வலிக்கல, பயப்படாதீங்க…’ எந்தக் கதைக்கா இது?

அக்கா: …தொண்டை கட்டினது இல்லடா. கட்டி. குரல்வளையையே எடுத்துடணுமாம், அடுத்த வாரம். போன்ல ஒரு ஆப் இருக்காம், தட்டினா நமக்குப் பதிலா பேசுமாம். முன்னாடியே பேசி வச்சுக்கிட்டா என் குரல்லயே அவளை எழுப்பலாம்னு டாக்டர் சொன்னாங்க. நாளைக்கு உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அழுது ஊரைக் கூட்டுவன்னு… அவரையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.

தம்பி: மாமா முந்தாநாளே கடைக்கு வந்து அழுதுட்டுப் போயிட்டாருக்கா. ‘ஒண்ணும் தெரியாத மாதிரியே போ, அவளா சொல்லட்டும்’னாரு. சரின்னு வந்தேன்… ஆனா இதுல மாமாவைக் கூப்பிட ஒண்ணு இருக்கு, பாப்பாவைக் கொஞ்ச ஒண்ணு இருக்கு. பூனையை விரட்டக்கூட ஒண்ணு இருக்கு. ‘தம்பி’ன்னு ஒண்ணுகூட இல்லியே?

அக்கா: போட்டேன்டா. உன்னைக் கூப்பிடறப்ப மட்டும் குரல் உடையுது. போட்டுப் போட்டு அழிச்சேன்… வா, வந்து என் எதிர்ல உக்காரு, இப்பவே பதிவு பண்ணிடறேன். உன் மூஞ்சியைப் பாத்தா திட்டு தன்னால வரும்.