இஸ்திரிப்பெட்டி கடிக்கிறது என்றாள்

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே, கம்பியோடும் கருவியோடும் காலம் கழித்த மூத்த மின்பணியாளர்களே, கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களே, பயிற்சி முடித்துப் பணிக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!

மின்னோட்டம் என்பது என்ன? கம்பிக்குள் ஓடும் மின்னூட்டம். அதைத் தள்ளும் அழுத்தத்தை வோல்ட்டில் அளக்கிறோம். ஓடும் அளவை ஆம்பியரில் அளக்கிறோம். குழாயில் போன தண்ணீர் போனதுதான். மின்சாரம் அப்படியா? ஒரு கம்பியில் போனது மறு கம்பியில் திரும்பியாக வேண்டும்! என்ன ஐயா, பாடம் போதும் என்கிறீர்களா? இதோ, கதைக்கு வந்துவிட்டேன்.

ஒரு சலவைக்கூடம். அங்கே துணி தேய்க்கும் ஒரு தங்கை, “அண்ணே, இஸ்திரிப்பெட்டி கடிக்குது,” என்றாள் மேலாளரிடம்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! வேலை செய்ய மனசில்லன்னா நாளைக்கு வராதம்மா,” என்றார் அவர்.

அவள் அழுத அழுகை நம் சங்கத்துக்கு எட்டியது. மின்பணியாளர் இருவர் போனார்கள். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒற்றைக் கம்பியை அல்லவா கவ்வ வேண்டும்? மூத்தவர் அவசரத்தில் இரு கம்பியும் அடங்கிய மொத்த வயரையும் சேர்த்துக் கவ்விவிட்டார்.

கூடப் போனவர் சிரித்தார். “என்னண்ணே, ரெண்டையும் சேர்த்துப் புடிச்சா போறதும் வர்றதும் சரிக்குச் சரியாப் போயிடுமே. பூஜ்யம்தான் காட்டும்.”

காட்டியதா பூஜ்யம்? இல்லை! இருபது மில்லி ஆம்பியர் காட்டியது. ஓர் ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு! பிடித்த கையை விடவிடாமல் இறுக்க அது போதும் தாய்மார்களே!

சிரித்தவர் குனிந்து மீட்டரை மறுபடி பார்த்தார். போனதில் ஒரு பகுதி கம்பி வழியே திரும்பவில்லை. பெட்டியின் உலோக உடம்பில் கசிந்து, இரும்பு மேசையில் ஏறி, ஈரத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியில்தான் அவள் தினமும் நின்றிருக்கிறாள்.

மேலாளர் ஓடிப்போய் இணைப்பைப் பிடுங்கினார். “பெரிய தப்பு பண்ணிட்டேன்மா,” என்றார். உயிர் பிழைத்த அந்தத் தங்கை என்ன கேட்டாள் தெரியுமா?

“அப்போ நான் பொய் சொல்லலதானே அண்ணே?”

நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு! தம்பிகளே, தங்கைகளே, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். சொன்னவரின் நாணயத்தை அளக்காதீர்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. போகும் வீடெல்லாம் பத்திரமாய் ஒளிரட்டும். வணக்கம்!