உறை பிரிக்காத கோடை

— கத்தரிக்கோலைக் கீழ வையுங்கோ சீதா அக்கா. அந்த டேலியாவில கை வைக்காதேங்கோ.

— சரி, டேலியா வேணாம். செவ்வந்திய வெட்டிக்கிறேன்.

— அதுவும் வேண்டாம். ஒரு பூவும் வேண்டாம்.

— என்னா குணா, விளையாடுறியா? நாளைக்குப் பொங்கல். ரானுயில இருந்து காடி டிக்கியில ரெண்டு வாளி தூக்கிப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். நாம பொங்கல் வைக்கிற த்ரீ கிங்ஸ் ஹால்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு லா, சாமிக்குப் பூ பூரா நம்ம குணவதி தோட்டத்துப் பூதான்னு.

— மரக்கறி எவ்வளவு வேணுமெண்டாலும் கொண்டு போங்கோ. உந்தப் பயித்தங்காய் முழுக்க ஆயுங்கோ. தக்காளிப்பழம் வெடிச்சு வெடிச்சு விழுகுது, அள்ளிக்கொண்டு போங்கோ. ஆனா உங்கட வீட்டுக்கு. ஹோலுக்கு வேண்டாம்.

— எனக்குக் குடுப்ப, சாமிக்குக் குடுக்க மாட்ட. நல்ல கதையா இருக்கே! உன் மேல யாராவது ஏதாச்சும் பேசினாங்களா? அந்தப் புஷ்பவதி வாய சும்மா வச்சிருக்காதே.

— ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. எல்லாரும் புகழுறதுதான் எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு.

— இந்த மனுஷிக்கு வெயில் மண்டையில ஏறிருச்சு. இப்பிடி நிழலுக்கு வா. எத்தன வருஷமா இந்த மண்ணோட மல்லுக்கட்டுன! மொத வருஷம் என்னா பண்ணுன, ஞாபகம் இருக்கா?

— ஊர் நினைப்பில ஆவணியில விதைச்சன். இஞ்சை மார்கழி தையிலதான் கோடை எண்டு அப்ப தெரியாது. எல்லாம் குளிரில செத்துப் போச்சு.

— ரெண்டாவது வருஷம் நத்த தின்னுச்சு. மூணாவது வருஷம் காத்து அடிச்சுச்சு. இந்த வருஷந்தான் கொட்டுது. வேலி தெரியாம அவரை ஏறியிருக்கு, பூசணி பக்கத்து வீட்டுக்கே போயிருச்சு. கை நெறைய இருக்கும்போது முகத்த ஏன் இப்பிடித் தூக்கி வச்சிருக்க?

— நான் பாவம் செய்துபோட்டன் அக்கா.

— என்ன பாவம்? விதைய ஒளிச்சுக் கொண்டாந்தியா ஏர்போர்ட்ல? நாம எல்லாரும் கொண்டாந்ததுதான்.

— பகிடி விடாதேங்கோ. இஞ்சை, ஷெட்டுக்கை வாங்கோ. இந்த விதைப் பெட்டியைத் திறவுங்கோ. வெண்டி விதைப் பைக்குக் கீழ பாருங்கோ.

— கடுதாசி. ஸ்ரீலங்கா ஸ்டாம்ப்பு. பிரிக்கவே இல்லையே?

— டிசம்பர் பத்தாந் திகதி வந்தது.

— ஐயோயோ, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே! உங்க வீட்டுக்காரர் பேருல்ல போட்டிருக்கு. அவருக்குத் தெரியுமா?

— தெரியாது. அவர் வேலைக்குப் போனாப்பிறகுதான் தபால் வாறது. முன் பாத்தியில களை புடுங்கிக்கொண்டு நிண்டனான், போஸ்ட்மன் கையிலயே தந்திட்டுப் போனான். ஒவ்வொரு நாளும் அவர் வந்து கேப்பார், ஊரில இருந்து கடிதம் ஒண்டும் இல்லையோ எண்டு. இல்லையெண்டு சொல்லிப்போட்டு அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு போட்டுக் குடுப்பன். அவரும் ருசிச்சுச் சாப்பிடுவார்.

— இதுல அப்பிடி என்ன இருக்குன்னு ஒளிச்ச?

— எழுத்தைப் பாருங்கோ. என்ர தம்பி ஆனந்தராசான்ர எழுத்து. அவன் எனக்குத்தான் எழுதுறவன். இவருக்கு ஒருநாளும் எழுதினதில்லை. ஒரே ஒருக்கா எழுதினான், எங்கட அப்பா செத்தநேரம்.

— அதுக்காக?

— எங்கட பக்கத்தில சாவுச் செய்தியைப் பொம்பிளைப்பிள்ளைக்கு நேர எழுதமாட்டினம் அக்கா. தனிய நிண்டு வாசிச்சு விழுந்துபோவாள் எண்டு, புருஷன் பேருக்கு எழுதுவினம். அவர் வாசிச்சு, பக்கத்தில இருத்தி, மெல்லச் சொல்லவேணும். அப்பான்ர செய்தியையும் இவர்தான் தேத்தண்ணி போட்டுத் தந்திட்டுச் சொன்னவர். கவரைக் கண்டவுடன எனக்கு விளங்கிட்டுது. அம்மா எங்களை விட்டுப் போட்டா.

— இரு, இரு. செத்திருந்தா தந்தி வந்திருக்குமே?

— இப்ப யாழ்ப்பாணத்தில எது ஒழுங்கா நடக்குது? அப்பாவுக்கே கடிதம் வந்து மூண்டு நாளைக்குப் பிறகுதான் தந்தி வந்தது. அம்மா ஆறு மாசமா வருத்தக்காரி, மருந்திலதான் ஓடுது.

— சரி, அப்பிடியே வச்சுக்குவோம். பெத்தவ போயிட்டான்னு தெரிஞ்சும் எப்பிடிடி பிரிக்காம வச்சிருந்த?

— அதைத்தானே அக்கா பாவம் எண்டு சொல்லுறன்! பிரிச்சா துடக்கு.

— தீட்டு சொல்றியா?

— ஓம். முப்பத்தொரு நாள். சாமி அறைக்கை போகேலாது, ஹோலுக்கு வரேலாது, பூப் புடுங்கி மாலை கட்டேலாது. ஒரு வருசத்துக்குப் பொங்கலும் இல்லை. அண்டைக்குத்தான் டேலியா முதல் மொட்டு விரிச்சு நிக்குது. நான் நினைச்சன்… கேட்டால்தானே துடக்கு, கேக்காட்டி இல்லைத்தானே எண்டு. ஒரு கிழமைக்கு வைப்பம் எண்டு வைச்சன். பிறகு இன்னும் ஒரு கிழமை.

— அப்ப டிசம்பர் கடைசியில, திருவெம்பாவைக்கு நீ கட்டிக்கிட்டு வந்த மாலை?

— துடக்கோட கட்டினது. எல்லாரும் வடிவு வடிவெண்டு சொல்லச் சொல்ல நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்.

— கடவுளே!

— அது மட்டுமே? விடிய எழும்பினா தேத்தண்ணியோட நேர இஞ்சைதான் வருவன். ஹோஸைத் திறந்துவிட, ஈர மண் மணக்கும். சோளத்துக்கை தேனீ இரையும். ஒரு தக்காளியைப் புடுங்கி, சீலையில துடைச்சு, அப்பிடியே கடிப்பன். சாறு முழங்கை மட்டும் வடியும். சந்தோஷமா இருந்தனான் அக்கா. அம்மாவை நினைச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. பாட்டுக்கூடப் படிச்சனான். நான் ஒரு மனுசியே?

— அழாத. மூக்கத் தொடச்சுக்க. இப்ப மட்டும் ஏன் இந்த ஞானம்? நான் வந்து வாளிய வச்சதுக்கா?

— நேற்று ஹோலில பொங்கலை நடத்துற ஏரம்பமூர்த்தி அண்ணை போன் பண்ணினவர். தோட்டம் உங்கட, பூ உங்கட, அப்ப பானைக்கு முதல் அரிசியும் நீங்கள்தான் போடவேணும் எண்டு. பூவை இன்னொருத்தர் கையில குடுத்து அனுப்பலாம், அக்கா. பானைக்கு முன்னால நான் எல்லே நிக்கவேணும்? அம்மாவுக்கு ஒரு விளக்குக் கொளுத்தாத கை இது. இதால என்னெண்டு அரிசி போடுறது?

— சரி, போதும். இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. பிரி.

— நான் மாட்டன்.

— ராத்திரி உங்க வீட்டுக்காரர் கையில குடுக்கப் போறியா? ஒரு மாசம் எங்க வச்சிருந்தன்னு அவர் கேட்டா வெண்டி விதைக்குக் கீழன்னு சொல்லுவியா?

— …நீங்கள் வாசியுங்கோ. உங்களுக்கு எங்கட எழுத்து விளங்குமோ?

— ஈப்போ தமிழ் ஸ்கூல்ல ஆறு வருஷம் படிச்சவ லா நான். இந்தா, இந்தக் கவுத்துன வாளி மேல உக்காரு. என் கையப் பிடிச்சுக்க. பிரிச்சிட்டேன்.

— மெல்ல வாசியுங்கோ.

— ‘அன்புள்ள அத்தானுக்கு, நலம், நலமறிய ஆவல். அம்மாவைச் சென்ற வாரம் கொழும்புக்குக் கூட்டி வந்துவிட்டோம்…’ ஏய் குணா! கூட்டி வந்திருக்காங்க! உயிரோட இருக்காங்கடி!

— என்ன? திருப்பி வாசியுங்கோ!

— ‘கூட்டி வந்துவிட்டோம். கப்பிதாவத்தையில் ஜெயரட்ணம் மாமா வீட்டில் நிற்கிறா.’ சாவும் இல்ல, தீட்டும் இல்ல! மடச்சி, மடச்சி! வீணா ஒரு மாசம் உள்ளுக்குள்ளயே வெந்திருக்க!

— என்ர அம்மா… ஐயோ, என்ர அம்மா இருக்கிறா! வெட்டுங்கோ அக்கா, எல்லாத்தையும் வெட்டுங்கோ! ரெண்டு வாளி காணாது, நான் பேசின் சட்டியும் எடுத்துக்கொண்டு வாறன்! அப்ப ஏன் இவருக்கு எழுதினவன், விசரன்?

— இரு, மிச்சத்தயும் வாசிக்கிறேன். ‘இதை அக்காவுக்கு எழுதினால் பயந்துபோவா என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். தாங்குவாவோ என்று டொக்டர் நிச்சயமாகச் சொல்லவில்லை…’

— ம்… மிச்சம்?

— ‘மகளின் குரலைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று நிற்கிறா. மாமா வீட்டு நம்பர் கீழே இருக்கிறது. நீங்கள் அக்காவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எப்படியும் அந்த நம்பருக்குப் போன் எடுங்கோ. டிசம்பர் இருபத்தோராந் திகதி சனிக்கிழமை, காலையிலிருந்து அம்மாவைப் போனுக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருப்பேன்.’

— ஏன் அக்கா நிப்பாட்டிட்டீங்கள்?

— குணா… அந்தச் சனிக்கிழம போயி மூணு வாரம் ஆச்சு.